முகத்தை மறைத்த ஸ்லைடு: மேக்ஸ் ராபின்சனின் கதை

1959ஆம் ஆண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் போர்ட்ஸ்மவுத் என்று ஒரு துறைமுக நகரம். அங்கே இருந்த சிறிய தொலைக்காட்சி நிலையம் ஒன்றில் இருபது வயதை ஒட்டிய இளைஞர் ஒருவர் செய்தி வாசித்து வந்தார். ஆழமான குரல், தெளிவான உச்சரிப்பு. ஆனால் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. செய்தி நேரம் முழுவதும் திரையில் தெரிந்தது நிலையத்தின் லோகோ போட்ட ஸ்லைடு மட்டும்தான். குரல் அதற்குப் பின்னாலிருந்து வந்தது. காரணம், அந்த இளைஞர் கறுப்பினத்தவர்.

ஒரு நாள் அந்த ஸ்லைடை எடுத்துவிடச் சொன்னார் அவர். சொந்தக்காரர்களும் நண்பர்களும் தன்னைப் பார்க்கட்டும் என்ற சாதாரண ஆசைதான். அன்று முதன்முறையாக அவர் முகம் திரையில் தெரிந்தது. மறுநாள் வேலை போய்விட்டது.

அந்த இளைஞரின் பெயர் மேக்ஸ் ராபின்சன். இது நடந்து 19 ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்கா முழுவதும் ஒளிபரப்பாகும் வாரநாள் மாலைச் செய்தியைத் தொகுத்து வழங்கிய முதல் கறுப்பினத்தவர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. அதற்கு ஐந்து ஆண்டுகள் கழித்து அந்த நாற்காலியும் கையை விட்டுப் போயிற்று. 49ஆவது வயதில் இறந்தும் போனார். "முதல் மனிதர்" என்ற பட்டத்துக்கு ஒருவர் கொடுக்க வேண்டிய விலை என்ன என்பதற்கு அவர் வாழ்க்கையைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

பிறந்த ஊரும் காலமும்

ராபின்சன் 1939ஆம் ஆண்டு மே 1 அன்று வர்ஜீனியாவின் தலைநகரான ரிச்மண்டில் பிறந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களுக்குத் தலைநகராக இருந்ததும் இதே ரிச்மண்ட்தான். போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தாலும் பாகுபாடு ஒழியவில்லை. பள்ளிக்கூடம், பேருந்து, உணவகம், குடிநீர்க் குழாய் என எல்லாவற்றிலும் வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று. ராபின்சனின் தந்தை ஆசிரியர். கறுப்பின மாணவர்களுக்கான பள்ளியில் வரலாறு கற்பித்தவர், விளையாட்டுப் பயிற்சியாளரும்கூட. அந்த வீட்டில் படிப்புக்கும் தன்மானத்துக்கும் முதலிடம் இருந்தது.

பள்ளிக்கூடங்களில் நிறப் பிரிவினை சட்டத்துக்குப் புறம்பானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்புச் சொன்னது. வர்ஜீனியா அரசு அதை ஏற்க மறுத்தது. வெள்ளைக் குழந்தைகளோடு கறுப்புக் குழந்தைகள் சேர்ந்து படிப்பதைவிடப் பள்ளிகளை இழுத்து மூடுவதே மேல் என்று முடிவு செய்தது. 1958 செப்டம்பரில் போர்ட்ஸ்மவுத்துக்கு அக்கரையில் இருக்கும் நார்ஃபோக் நகரில் பல பள்ளிகள் மூடப்பட்டன. நீதிமன்றம் தலையிட்ட பிறகு 1959 பிப்ரவரியில்தான் அவை மீண்டும் திறந்தன.

ஸ்லைடு கதையை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தையே மூடத் துணிந்த ஒரு வட்டாரத்தில், வெள்ளையர் வீட்டு வரவேற்பறைக்குள் ஒரு கறுப்பு முகம் தினமும் வந்து செய்தி சொல்வதை நிலையத்தாரால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை. குரலுக்குத் தடையில்லை, முகத்துக்குத்தான் தடை. ஓபர்லின் கல்லூரியில் சேர்ந்து படிப்பை முடிக்காமலே திரும்பியிருந்த ராபின்சனுக்குத் தொலைக்காட்சியில் கிடைத்த முதல் பாடம் அதுதான்.

வாஷிங்டன் தந்த வாய்ப்பு

1960களின் நடுவில் ராபின்சன் தலைநகர் வாஷிங்டனுக்கு வந்தார். டபிள்யூ.டி.ஓ.பி. என்ற நிலையத்தில் சிறிய வேலையில் தொடங்கி, பிறகு டபிள்யூ.ஆர்.சி. நிலையத்தில் செய்தியாளரானார்.

அப்போது அமெரிக்கச் செய்தி நிறுவனங்களில் கறுப்பினத்தவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஏ.பி.சி. நெட்வொர்க் மால் குட் என்ற கறுப்பினச் செய்தியாளரை 1962இல் வேலைக்கு எடுத்ததே பெரிய செய்தியாக இருந்தது. 1967இல் பல நகரங்களில் கலவரங்கள் வெடித்தபோது, அவற்றின் காரணங்களை ஆராய அதிபர் ஜான்சன் கெர்னர் ஆணையத்தை அமைத்தார். 1968இல் வெளிவந்த அதன் அறிக்கையில் ஊடகங்களைப் பற்றி ஒரு தனி அத்தியாயமே இருந்தது. செய்தித் துறையில் எழுத்து, தொகுப்புப் பணிகளில் இருப்பவர்களில் 5 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே கறுப்பினத்தவர் என்று அது சுட்டிக்காட்டியது. கறுப்பினத்தவரின் வாழ்க்கையை வெள்ளையர் மட்டுமே எழுதி, வெள்ளையருக்காகவே ஒளிபரப்பினால் நாட்டில் என்ன நடக்கிறது என்பது எப்படித் தெரியும்? ஆணையம் எழுப்பிய கேள்வியின் சாரம் இதுதான்.

அறிக்கை வந்து சில வாரங்களிலேயே, ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். வாஷிங்டன் பற்றி எரிந்தது. நகரைக் கட்டுக்குள் கொண்டுவர 13,000க்கும் மேற்பட்ட படைவீரர்கள் இறக்கப்பட்டனர். அந்த நாட்களில் தெருத் தெருவாகச் சென்று செய்தி சேகரித்தவர்களில் ராபின்சனும் ஒருவர். அந்தப் பணிக்காக அவருக்குப் பரிசுகள் கிடைத்தன. நகரின் அனகோஸ்டியா பகுதியில் வாழ்ந்த ஏழைக் கறுப்பின மக்களைப் பற்றி "இன்னொரு வாஷிங்டன்" என்று பொருள்படும் தலைப்பில் அவர் எடுத்த ஆவணப்படம் எம்மி விருது பெற்றது. வெள்ளை மாளிகையும் நாடாளுமன்றமும் உள்ள வாஷிங்டனை உலகம் அறியும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த வாஷிங்டனைக் காட்டியவர் ராபின்சன்.

1969இல் டபிள்யூ.டி.ஓ.பி. அவரைத் திரும்ப அழைத்து, கார்டன் பீட்டர்சன் என்ற வெள்ளையருடன் சேர்த்துச் செய்தி மேசையில் உட்கார வைத்தது. வாஷிங்டன் தொலைக்காட்சியில் அந்த இடத்துக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1970 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்களில் 71 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். அவர்கள் முதன்முறையாகத் தங்களில் ஒருவர் செய்தி சொல்வதைப் பார்த்தார்கள். வெள்ளையரும் விரும்பிப் பார்த்தார்கள். பீட்டர்சன், ராபின்சன் இணை நகரின் மிகப் பிரபலமான செய்தி இணையானது. பத்தாண்டுகளுக்கு முன் முகத்தைக் காட்டியதற்காக வேலை இழந்தவரை இப்போது தெருவில் பார்த்தாலே மக்கள் நின்று கை கொடுத்தார்கள்.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தான் மேலே வந்தால் போதும் என்று ராபின்சன் இருந்துவிடவில்லை. 1975 டிசம்பரில் வாஷிங்டனில் 44 பேர் கூடிக் கறுப்பினப் பத்திரிகையாளர்களுக்கான தேசிய சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த நிறுவனர்களில் அவரும் ஒருவர்.

மூன்று நகரம், மூன்று மேசை

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் மூன்று பெரிய நெட்வொர்க்குகள் இருந்தன: சி.பி.எஸ்., என்.பி.சி., ஏ.பி.சி. மாலைச் செய்தி என்றால் மக்கள் இந்த மூன்றில் ஒன்றைத்தான் பார்த்தாக வேண்டும். அதனால் அந்தச் செய்தியைத் தொகுத்து வழங்குபவர் வெறும் வாசிப்பாளர் அல்ல. ஒரு தேர்தல், ஒரு போர், ஓர் அதிபரின் மரணம் என எது நடந்தாலும் நாடு முதலில் பார்ப்பது அவர் முகத்தைத்தான். சி.பி.எஸ்.சின் வால்டர் கிராங்கைட் அந்த வகையில் குடும்பப் பெரியவரைப் போலவே மதிக்கப்பட்டவர். ஏ.பி.சி.யோ மூன்றில் மூன்றாவது இடத்தில் இருந்தது.

ஏ.பி.சி.யின் விளையாட்டுப் பிரிவை வளர்த்துப் பெயர் வாங்கிய ரூன் ஆர்லெட்ஜ் 1977இல் செய்திப் பிரிவுக்கும் தலைவரானார். கிராங்கைட்டுக்கு இணையான ஒருவர் தன்னிடம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். எனவே ஒரே மனிதரை நம்பாமல் மூன்று பேரை மூன்று நகரங்களில் உட்கார வைத்தார். ஃபிராங்க் ரெனால்ட்ஸ் வாஷிங்டனிலிருந்து, பீட்டர் ஜென்னிங்ஸ் லண்டனிலிருந்து, மேக்ஸ் ராபின்சன் சிகாகோவிலிருந்து. தலைநகர் அரசியல் ஒருவருக்கு, வெளிநாடு ஒருவருக்கு, உள்நாட்டுச் செய்திகள் ஒருவருக்கு. 1978 ஜூலை 10 அன்று இந்தப் புதிய நிகழ்ச்சி தொடங்கியது. ரேட்டிங்கும் ஏறத் தொடங்கியது.

காகிதத்தில் மூவரும் சமம். நடைமுறை வேறாக இருந்தது. பெரிய செய்திகள் பெரும்பாலும் வாஷிங்டனில்தான் பிறக்கின்றன. அதனால் ரெனால்ட்ஸின் மேசை தானாகவே தலைமை மேசை ஆகிவிட்டது. வெளிநாட்டில் ஏதாவது நடந்தால் ஜென்னிங்ஸ். மிச்சம் இருப்பது சிகாகோவுக்கு. முக்கிய முடிவுகள் நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் எடுக்கப்பட்டன. சிகாகோவில் இருந்த ராபின்சனுக்குத் தான் ஓரத்தில் நிறுத்தப்பட்டிருக்கிறோம் என்ற எண்ணம் வளர்ந்துகொண்டே போனது.

அவர் மனதில் இன்னொரு சுமையும் இருந்தது. நாட்டின் கோடிக்கணக்கான கறுப்பின மக்கள் அவரைத் தங்கள் பிரதிநிதியாகப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை தடுமாறினால் அது தனி மனிதரின் தடுமாற்றமாக இருக்காது. "பார்த்தீர்களா, இவர்களால் முடியாது" என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு அது போதும். ரெனால்ட்ஸ் ரெனால்ட்ஸாக இருந்தால் போதும், ஜென்னிங்ஸ் ஜென்னிங்ஸாக இருந்தால் போதும். ராபின்சன் மட்டும் ஓர் இனத்தையே தோளில் சுமந்துகொண்டு கேமரா முன் உட்கார வேண்டியிருந்தது. இத்தனை புகழுக்குத் தான் தகுதியானவன்தானா என்ற சந்தேகமும் அவரை உள்ளுக்குள் அரித்தது.

ஸ்மித் கல்லூரிப் பேச்சு

1981 ஜனவரி 20 அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றில் மறக்க முடியாத நாள். ரொனால்ட் ரீகன் அதிபராகப் பதவியேற்றார். அதே நாளில், ஈரானில் 444 நாட்கள் பிணையாக வைக்கப்பட்டிருந்த 52 அமெரிக்கர்கள் விடுதலையானார்கள். இரண்டு மாபெரும் செய்திகள் ஒரே நாளில். ஏ.பி.சி.யின் மூன்று தொகுப்பாளர்களில் ஒருவரான ராபின்சனுக்கு அந்த ஒளிபரப்பில் உரிய இடம் கொடுக்கப்படவில்லை.

சில வாரங்களில், பிப்ரவரி மாதம், மாசசூசெட்ஸில் உள்ள ஸ்மித் கல்லூரியில் மாணவியர் முன் பேச வந்தார் அவர். அங்கே மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார். செய்தி ஊடகம் என்பது வெள்ளை அமெரிக்கா தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் கோணலான கண்ணாடி என்றார். நெட்வொர்க்குகளில் இனப் பாகுபாடு இருக்கிறது என்றார். ஜனவரி 20 ஒளிபரப்பில் தான் ஒதுக்கப்பட்டதையும் குறிப்பிட்டார்.

பத்திரிகைகளில் இது பெரிதாக வந்தது. ஆர்லெட்ஜ் அவரை அழைத்துப் பேசினார். தான் ஏ.பி.சி.யை மட்டும் தனியாகக் குறிவைத்துச் சொல்லவில்லை, ஊடகத் துறையைப் பற்றிப் பொதுவாகச் சொன்னது அது என்று ராபின்சன் விளக்கம் அளித்தார். வேலை போகவில்லை. ஆனால் உறவில் விழுந்த விரிசல் பிறகு கூடவே இல்லை.

1959இல் முகத்தைக் காட்டியதற்காக வேலை போனது. 1981இல் முகம் தினமும் நாடு முழுவதும் தெரிந்தது, பல லட்சம் சம்பளமும் வந்தது. அந்த முகத்துக்குச் சொந்தக்காரர் தன் மனதில் பட்டதைச் சொன்னபோதுதான் சிக்கல் வந்தது. முன்பு முகம் இல்லாத குரல் வேண்டியிருந்தது. இப்போது சொந்தக் குரல் இல்லாத முகம் போதும் என்றாகிவிட்டதோ என்று அவர் நினைத்திருந்தால் அதில் வியப்பில்லை.

அவருடைய தம்பியின் கதையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். தம்பி ராண்டால் ராபின்சன் வழக்கறிஞர். 1977இல் டிரான்ஸ்ஆஃப்ரிக்கா என்ற அமைப்பைத் தொடங்கினார். 1984 நவம்பரில் வாஷிங்டனில் உள்ள தென்னாப்பிரிக்கத் தூதரகத்துக்குள் உட்கார்ந்து போராடிக் கைதானார். அங்கிருந்து கிளம்பிய இயக்கத்தின் அழுத்தத்தில்தான் 1986இல் அதிபர் ரீகனின் மறுப்பையும் மீறி, நிறவெறி தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான பொருளாதாரத் தடைச் சட்டம் நிறைவேறியது. ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு பேர். தம்பி கோபத்தைக் கோஷமாக மாற்ற முடிந்தது. அண்ணன் அதே கோபத்தை விழுங்கிக்கொண்டு, நடுநிலையான முகத்தோடு செய்தி சொல்ல வேண்டியிருந்தது.

சரிவு

ராபின்சனின் வீழ்ச்சிக்கு நிறவெறி ஒன்றே காரணம் என்று சொல்லிவிட்டால் கதை எளிதாகிவிடும், ஆனால் முழுமையாகாது. அவர் வேலைக்குத் தாமதமாக வந்தார். சில நாள் வரவே இல்லை. குடிப்பழக்கம் அதிகமானது. மூன்று திருமணங்களும் முறிந்தன. உடன் வேலை செய்தவர்களுக்கு அவர் மனநிலை எப்போது எப்படி மாறும் என்று தெரியாது. நிர்வாகத்தின் குறைகளும் உண்மை, அவருடைய குறைகளும் உண்மை. எது எதை வளர்த்தது என்பதைப் பிரித்துச் சொல்வதுதான் கடினம்.

1983 ஜூலை 20 அன்று ஃபிராங்க் ரெனால்ட்ஸ் இறந்தார். ஐந்து ஆண்டுகள் ஒரே நிகழ்ச்சியில் பணியாற்றிய அந்த மனிதரின் இறுதிச் சடங்குக்கு ராபின்சன் போகவில்லை. நிர்வாகத்தில் அவர்மீது மிச்சமிருந்த கொஞ்ச நஞ்ச அனுதாபமும் அதோடு போயிற்று. மூன்று மேசை முறையைக் கைவிட ஏ.பி.சி. முடிவு செய்தது. பீட்டர் ஜென்னிங்ஸ் நியூயார்க்கிலிருந்து தனி ஒருவராகச் செய்தி வழங்குவார் என்று அறிவித்தது. ராபின்சனுக்கு வார இறுதிச் செய்தியும் இடையிடையே வரும் சுருக்கச் செய்திகளும் ஒதுக்கப்பட்டன.

1984இல் ஏ.பி.சி.யை விட்டு விலகி, சிகாகோவில் உள்ள டபிள்யூ.எம்.ஏ.க்யூ. என்ற உள்ளூர் நிலையத்தில் சேர்ந்தார். அங்கேயும் நீண்ட நாள் நிற்கவில்லை. 1985இல் அதிலிருந்தும் வெளியேறினார். குடியை விடச் சிகிச்சை எடுத்துக்கொண்டார். அவருக்கு ஓவியம் வரையத் தெரியும், ஆப்பிரிக்கக் கலைப்பொருட்கள் சேகரிப்பதிலும் ஆர்வம் உண்டு. திரையிலிருந்து மட்டும் அவர் மறைந்தே போனார்.

கடைசியாக ஒரு திரை

1987 டிசம்பரில் நிமோனியாவால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்கு எய்ட்ஸ் வந்திருந்தது. அமெரிக்காவில் அந்த நோயைப் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை வந்து அப்போது ஆறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பயமும் அவமானமும் நோயைவிடப் பெரிதாக இருந்த காலம். உயிரோடு இருந்தவரை அவர் அதை வெளியே சொல்லவில்லை. 1988 இலையுதிர் காலத்தில் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் இதழியல் மாணவர்களிடையே பேச வந்தார். உடல்நிலை மோசமானது. அதே ஆண்டு டிசம்பர் 20 அன்று ஹோவர்ட் பல்கலைக்கழக மருத்துவமனையில் காலமானார்.

தான் எய்ட்ஸால் இறந்ததை ஊருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பது அவர் விட்டுச்சென்ற விருப்பம். குறிப்பாகக் கறுப்பின மக்களுக்கு இது எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று நினைத்தார். அப்போது அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஏறக்குறைய 12 விழுக்காடு. எய்ட்ஸ் நோயாளிகளிலோ கால் பங்கினர் அவர்கள். ஆனாலும் அது யாரோ மற்றவர்களின் நோய் என்ற எண்ணமே அந்தச் சமூகத்தில் பரவலாக இருந்தது. பிரபலமான ஒருவரின் பெயரோடு செய்தி வந்தால் நாலு பேராவது யோசிப்பார்கள் என்பது செய்தியாளருக்குத் தெரியாதா என்ன? அவர் குடும்பத்தார் அந்த விருப்பத்தை நிறைவேற்றினார்கள். இதே ரிச்மண்டில் பிறந்த டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் தனக்கு எய்ட்ஸ் இருப்பதை வெளியிட்டது 1992இல்தான்.

பின்னால் வந்தவர்கள்

ராபின்சனின் இடத்துக்கு அடுத்த கறுப்பினத்தவர் உடனே வந்துவிடவில்லை. பெர்னார்ட் ஷா 1980இல் தொடங்கப்பட்ட சி.என்.என்.இல் புகழ் பெற்றார். கரோல் சிம்ப்சன் 1988இல் ஏ.பி.சி.யின் வார இறுதிச் செய்திக்கு வந்தார். ஆனால் பழைய மூன்று நெட்வொர்க்குகளில் ஒன்றின் வாரநாள் மாலைச் செய்தியை ஒரு கறுப்பினத்தவர் தனி ஒருவராக வழங்குவதற்கு 2015ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. என்.பி.சி.யில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த லெஸ்டர் ஹோல்ட் 2025 வரை பத்தாண்டுகள் அதில் இருந்தார். 1978க்கும் 2015க்கும் இடையே 37 ஆண்டுகள். முதல் ஆள் உள்ளே நுழைந்துவிட்டால் கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்க்க வேண்டும்.

வாஷிங்டனின் தென்கிழக்குப் பகுதியில் எய்ட்ஸ் நோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்ட ஒரு மருத்துவ மையம் மேக்ஸ் ராபின்சன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அனகோஸ்டியாவும் அந்தத் தென்கிழக்குப் பகுதியில்தான் இருக்கிறது. "இன்னொரு வாஷிங்டன்" என்று அவர் உலகுக்குக் காட்டிய அதே மக்கள்தான் அந்த மையத்தின் வாசலில் வரிசையில் நிற்கிறார்கள். செய்தி மேசையில் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த நினைவு அவர்களில் பலருக்கு இருக்காது. ஆனால் ஒரு காலத்தில் ஸ்லைடுக்குப் பின்னால் மறைக்கப்பட்ட மனிதரின் பெயர் அங்கே எல்லோரும் பார்க்கும்படி எழுதப்பட்டிருக்கிறது.